பாட்டரிக்குள் பேயா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட தோழர்கள், எதைப் பற்றிப் பேசுவது என்பதை என் இஷ்டத்திற்கே விட்டுவிட்டார்கள். வழக்கமாக நான் எதைப் பற்றிப் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதையே எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்று சிறிது ஏமாற்றமாகத்தான் இருக்கும். நான் பேசப்போவது உங்களில் அநேகமாக ஒவ்வொருவருடைய சட்டைப் பையிலும் இப்போது இருந்துகொண்டிருக்கின்ற ஒரு சாமானைப் பற்றியாகும். அதாவது செல்போனுக்குள்ளும், வெளியே நிறுத்தியிருக்கின்றீர்களே அந்த மின்சார ஸ்கூட்டருக்குள்ளும் இருக்கின்ற லித்தியம் பாட்டரியைப் பற்றி.

நான் கலாசாலையில் படித்தவனல்ல. எட்டாவது வகுப்போடு நின்றவன். இரசாயன சாஸ்திரம் முறையாகப் படித்த தோழர்கள் யாராவது இங்கே இருந்தால், நான் பிசகாகச் சொல்லும் இடத்தில் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இதைப் பேச வேண்டுமென்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். எங்கள் தெருவில் ஒரு பையன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கின்றான். என்னை மாமா என்று கூப்பிடுவான். நல்ல வேலைக்காரன். சென்ற வருஷம் ஒரு நாள் நான் அவன் கடையில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு போனின் பாட்டரி, பூரி உப்புவது போல உப்பிப்போய், பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. "மாமா, இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டான். நான் சிறு வயதில் சைக்கிள் கடையில் டியூப் ஒட்டிப் பழகியவன். "உள்ளே காற்றுத்தானே அப்பா, ஓர் ஊசியால் குத்தி விட்டுவிடேன்" என்று சொன்னேன். குத்தினான். 'புஸ்' என்று ஒரு சத்தம். கண் மூடித் திறப்பதற்குள் தீ. வலது கையில் இரண்டு விரல்களின் தோல் போய்விட்டது. இரண்டு மாத காலம் ஸ்குரூ டிரைவர் பிடிக்க முடியாமல் கடை பூட்டிக் கிடந்தது.

ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? கடை நன்றாய் நடப்பதைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவனுடைய தாயார் சொன்னார்கள். கடை வாசல் தெற்குப் பார்த்திருக்கின்றது, அதுதான் காரணம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். சீனாச் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று இன்னொருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சிரிப்பதற்கு யோக்கியதை ஏது? கண்ணேறு என்று சொன்ன அந்த அம்மாள் யார் கையையும் சுடவில்லை. பகுத்தறிவு, பகுத்தறிவு என்று மேடை மேடையாய்ப் பேசித் திரிகின்ற நான்தான் சுட்டேன். உள்ளே என்ன இருக்கின்றது என்று தெரியாமல், தெரிந்தவன் போல் யோசனை சொன்னேன். அன்று முதல் அந்தச் சிறு பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்கு விளங்கிய மட்டும் சொல்லுகின்றேன்.

பாட்டரி என்றால் என்ன? இரண்டு தகடுகள், அவற்றிற்கு நடுவில் ஒரு திரவம். அவ்வளவுதான். புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோமே, அந்தப் பழத்தை நசுக்காமல், அதில் ஒரு செப்புத் துண்டையும் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றையும் செருகிப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் உண்டாகும். சக்கரத்தின் கீழ் வைத்தால் சாறு உண்டாகும். துத்தநாகம் தன்னிடமிருக்கும் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் சுபாவம் உடையது. செம்பின் பக்கம் அதை வாங்கிக்கொள்ளும். கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் நாம் ஒரு கம்பியை வைத்து, போகிற வழியில் அதனிடம் வேலை வாங்கிக்கொள்ளுகின்றோம். 1800-ல் இத்தாலி தேசத்து வோல்ட்டா என்பவர் இப்படித் தகடுகளை அடுக்கித்தான் முதல் பாட்டரியைச் செய்தார். 1859-ல் பிரெஞ்சுக்காரரான பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் வைத்து, தீர்ந்தால் மறுபடியும் சார்ஜ் ஏற்றக்கூடிய பாட்டரியைச் செய்தார். லாரியிலும் பஸ்ஸிலும் இருப்பது அதன் வம்சந்தான். ஒரு ஜோடிக்கு 2 வோல்ட். ஆனால் ஈயம் பெரும் பளு. ஒரு கிலோ ஈயப் பாட்டரி சுமார் 35 வாட்-மணி சக்தியைத்தான் வைத்துக்கொள்ளும். லித்தியம் பாட்டரியில் அதே ஒரு கிலோவுக்கு 150 முதல் 250 வரை கிடைக்கும். ஈயத்தைக் கொண்டு செல்போன் செய்தால் அதைச் சட்டைப் பையில் போட முடியாது, கூடை வேண்டும்.

லித்தியம் உலோகங்களிலெல்லாம் லேசானது. எடை தண்ணீரில் ஏறக்குறையப் பாதி. 1817-ல் சுவீடன் தேசத்தில் அர்ஃப்வெட்சன் என்ற வாலிபர் ஒரு கல்லை ஆராய்ந்தபோது, கணக்குக்கு வராத ஏதோ ஒன்று அதில் இருப்பதைக் கண்டுபிடித்தார். கிரேக்க பாஷையில் கல்லுக்கு 'லித்தோஸ்' என்று பெயராம். அதிலிருந்து வந்த பெயர் இது. எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் இதற்கு நிகரான உலோகம் கிடையாது. பாட்டரிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். வேண்டாததும் அதுவேதான். தண்ணீரைக் கண்டால் லித்தியம் அதைப் பிளந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பிவிடும். அன்றியும் தண்ணீருக்கு இவ்வளவு வோல்ட்டைத் தாங்கும் சக்தி இல்லை. அது சுமார் 1.23 வோல்ட்டிலேயே பிளவுபடத் தகுந்தது. ஈயத் தகட்டின் மந்த குணத்தால்தான் 2 வோல்ட் வரையில் தாக்குப் பிடிக்கின்றது. அங்கேயும் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பிளந்து போவதனால்தான் லாரி பாட்டரிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கின்றது. 4 வோல்ட் லித்தியத்திற்குத் தண்ணீர் உதவவே உதவாது. ஆகவே தண்ணீரை விட்டு, எண்ணெய்க் கிணற்றுச் சரக்குகளிலிருந்து செய்கின்ற கார்பனேட் என்ற ஒருவகைத் திரவத்தில் லித்தியம் உப்பைக் கரைத்து ஊற்றுகின்றார்கள். இந்தத் திரவம் தீப்பிடிக்கக்கூடியது. தோழர்களே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமது பையிலிருக்கும் பாட்டரியில் ஊற்றியிருப்பது தீப்பற்றும் திரவம். அதை நான் அன்று காற்று என்று நினைத்தேன்.

நிற்க, முதன் முதலில் இதைச் செய்து பார்த்தவர் விட்டிங்ஹாம் என்ற ஆங்கிலேயர். 1970-களில் அமெரிக்காவில் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். எண்ணெய் விற்கிற கம்பெனி பாட்டரி செய்வானேன் என்றால், 1973-ல் உலகத்தில் எண்ணெய்ப் பஞ்சம் வந்தது. எண்ணெய் தீர்ந்தால் பிழைப்புக்கு என்ன வழி என்று அவர்களுக்கே பயம் வந்துவிட்டது. அவர் ஒரு பக்கம் சுத்தமான லித்தியம் தகடு வைத்தார். மறுபக்கம் டைட்டானியமும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளை வைத்தார். அந்தப் பொருள் சீட்டுக்கட்டுப் போல் அடுக்கடுக்காய் இருக்கும். எலக்ட்ரானை இழந்த லித்தியம், அதற்கு அயனி என்று பெயர், திரவத்தின் வழியாய் நீந்திப் போய் அந்த அடுக்குகளின் நடுவில் படுத்துக்கொள்ளும். சார்ஜ் ஏற்றினால் எழுந்து திரும்பி வரும். அடுக்கு கலையாது.

இதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு சத்திரங்கள். வழிப்போக்கன் ஆற்றில் நீந்தி இக்கரைச் சத்திரத்திலிருந்து அக்கரைச் சத்திரத்துக்குப் போகின்றான். அவனுடைய மூட்டையாகிய எலக்ட்ரான் மட்டும் ஆற்றில் இறங்க முடியாது. சுற்றிக்கொண்டு பாலத்தின் வழியாய் வண்டியில் போக வேண்டும். அந்தப் பாலந்தான் நமது செல்போன். சார்ஜ் போடுவதென்றால் வழிப்போக்கர்களையெல்லாம் பழைய சத்திரத்துக்குத் திருப்பி விரட்டுவது.

விட்டிங்ஹாம் செய்தது ஓடியது. ஆனால் சார்ஜ் ஏற்ற ஏற்ற, திரும்பி வந்த லித்தியம் தகட்டின் மேல் சமமாகப் படியாமல், முள்முள்ளாக, மீசை மீசையாக வளர்ந்தது. அந்த முள் ஒரு நாள் எதிர்த் தகட்டைத் தொட்டுவிடும். தொட்டால் பாலம் வேண்டாம், வண்டி வேண்டாம், எல்லா எலக்ட்ரானும் ஒரே பாய்ச்சலில் பாயும். சூடு, தீ. அந்த ஆராய்ச்சிச் சாலைக்குத் தீயணைப்புப் படையினர் பல தடவை வந்து அணைத்து அலுத்துப்போய், லித்தியம் தீயை அணைக்கும் விசேஷ மருந்துக்கு நீங்களே பணம் கட்டவேண்டும் என்று மிரட்டினார்களாம். பின்னர் கனடா தேசத்து ஒரு கம்பெனி வேறொரு கந்தகச் சேர்க்கையுடன் லித்தியம் தகட்டை வைத்து விற்ற பாட்டரிகளை, ஜப்பானில் டெலிபோனில் தீப்பிடித்ததன் பேரில், 1989-ல் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. லித்தியத்தைத் தகடாக வைத்தால் ஆபத்து என்பது இப்படி நிச்சயமாயிற்று.

இனிமேல்தான் பேய் வருகின்றது. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் குட்இனஃப் என்றொரு அமெரிக்கர் இருந்தார். சிறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே கஷ்டப்பட்டவர். கந்தகச் சேர்க்கைக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சேர்க்கையை வைத்தால் வோல்ட் உயரும் என்று கணக்குப் போட்டு, 1980-ல் மிஸுஷிமா முதலிய சகாக்களுடன் ஒரு பொருளைக் கண்டார். லித்தியம், கோபால்ட், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தது. 4 வோல்ட் வந்தது. இன்றைக்கும் செல்போன்களில் பெரும்பாலும் பிளஸ் தகட்டில் பூசுவது அதுதான்.

இந்தக் கோபால்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மனி தேசத்தில் வெள்ளிச் சுரங்கம் வெட்டினவர்களுக்கு, பார்க்க வெள்ளிக் கல் போலவே இருக்கும் ஒருவகைக் கல் அகப்பட்டது. உலையில் போட்டால் வெள்ளி வராது. விஷப் புகை வரும். ஆட்கள் நோயில் விழுந்தார்கள், செத்தார்கள். சுரங்கத்துக்குள் இருக்கும் 'கோபோல்ட்' என்ற குட்டிச்சாத்தான் நல்ல வெள்ளியைத் திருடிக்கொண்டு இந்தக் கல்லை வைத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பாதிரிமார்கள் அந்தச் சாத்தானிடமிருந்து காக்கும்படி பிரார்த்தனையும் செய்தார்கள். புகை நிற்கவில்லை. ஏனென்றால் அந்தக் கல்லில் இருந்தது பாஷாணம், அதாவது ஆர்சனிக். 1730-களில் சுவீடன் தேசத்துப் பிராண்ட் என்பவர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அதில் அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் இருக்கின்றது, கண்ணாடிக்கு நீல நிறம் கொடுப்பதும் அதுதான் என்று காட்டினார். பேய் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நிக்கலின் கதையும் இதேதான். செம்பு போல் காட்டிச் செம்பு கொடுக்காத கல்லைச் செம்புப் பேய் என்ற அர்த்தத்தில் 'குப்ஃபர்நிக்கல்' என்று திட்டினார்கள். 1751-ல் குரோன்ஸ்டெட் என்பவர் அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தார். இன்று மின்சாரக் கார்களில் பல, நிக்கலையும் கோபால்ட்டையும் மாங்கனீசுடன் கலந்த பிளஸ் தகட்டினால் ஓடுகின்றன. இரண்டு பேய்களை வண்டியில் பூட்டி ஓட்டுகின்றோம் என்று நமது கிராமத்தில் சொன்னால் நம்புகிறவர்கள் இருப்பார்கள். அதனால் மெதுவாகச் சொல்லுகின்றேன்.

ஆனால் கோபால்ட்டில் நிஜமான ஒரு கோளாறு உண்டு. அதன் அடுக்குகளுக்குள் இருக்கின்ற லித்தியத்தில் சுமார் பாதியைத்தான் வெளியே எடுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் வீட்டுத் தூண்களைப் பிடுங்குவது போலாகும். அடுக்கு ஆட்டங் காணும். அந்த நிலையில் சூடும் சேர்ந்தால் அதிலிருந்து ஆக்ஸிஜனே வெளிப்படும். யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் தீப்பற்றும் திரவம், உள்ளேயே ஆக்ஸிஜன். வெளியிலிருந்து காற்றுக்கூட வேண்டியதில்லை. அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றாதே, கண்ட கண்ட சார்ஜரைப் போடாதே என்று சொல்லுவதன் காரணம் இதுதான். நல்ல பாட்டரிக்குள் குறிப்பிட்ட வோல்ட் வந்ததும் நிறுத்துகின்ற ஒரு சின்ன மின் பலகை வைத்திருக்கின்றார்கள். நாலணா மிச்சம் பிடிக்கிறவன் அதைத்தான் முதலில் எடுத்துவிடுவான்.

இந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கப் பணம் செலவழிக்க ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை மறுத்துவிட்டது. வேறொரு அரசாங்க ஆராய்ச்சிச் சாலை அதை வாங்கிக்கொண்டது. குட்இனஃபுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. உலகத்தையே மாற்றிய சரக்கு என்று இன்று எல்லோரும் சொல்லுகின்றார்கள். அன்று பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே அது தெரியவில்லை. படிப்பாளிகள் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகவும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை பாருங்கள்.

இனி மைனஸ் பக்கம். லித்தியம் தகடு கூடாது என்றால் வேறு எதை வைப்பது? ஜப்பானில் அசாஹி கசெய் கம்பெனியில் இருந்த யோஷினோ என்பவர் 1985-ல், எண்ணெய் சுத்தி செய்யும்போது கடைசியில் மிஞ்சுகிற கோக் கரியை வைத்தார். கரியும் அடுக்கடுக்கானது. அதிலும் லித்தியம் போய்ப் படுக்கும். தகடாகவும் முள்ளாகவும் வளராமல், இரு பக்கத்திலும் சத்திரத்துக்குள்ளேயே தங்கும். இது பத்திரமானதா என்று அவர் எப்படிச் சோதித்தார் தெரியுமா? ஓர் இரும்புக் கட்டியை அதன்மேல் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. லித்தியம் தகடு உள்ள பாட்டரியின் மேல் போட்டார். சீறி எரிந்தது. எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. தேங்காய் உடைக்கவில்லை; இரும்பைப் போட்டார். 1991-ல் சோனி கம்பெனி லித்தியம்-அயனி பாட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது.

கோக் கரியை விடச் சுத்தமான கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கரி, அதிக லித்தியத்தை வாங்கும். ஆறு கரி அணுவுக்கு ஒரு லித்தியம். ஆனால் அப்போது ஊற்றிக்கொண்டிருந்த திரவத்தில் கிராஃபைட்டைப் போட்டால், லித்தியத்தோடு ஒட்டிக்கொண்டு திரவமும் அடுக்குக்குள் நுழைந்து, கரியை ஏடு ஏடாகப் பிரித்துச் சிதறடித்துவிட்டது. பல வருஷம் யாருக்கும் வழி தெரியவில்லை. 1990-ல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள், அந்தத் திரவத்தின் தம்பி போன்ற இன்னொன்றைக் கலந்தால் சரியாகப் போகின்றது என்று காட்டினார்கள். முன்னதற்குப் பிரோப்பிலீன் கார்பனேட் என்றும் பின்னதற்கு எதிலீன் கார்பனேட் என்றும் பெயர். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கரியும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே. ஆனால் தம்பியிடம் ஒரு சங்கடம். 36 டிகிரிக்குக் கீழே கட்டியாக உறைந்துவிடுவான். நமது ஊர்ச் சித்திரை வெயிலில் தானே உருகுவான். குளிர் தேசத்தில் கல்லாய்க் கிடப்பான். ஆகவே வேறு இளகலான திரவங்களில் அவனைக் கலந்து ஊற்றுகின்றார்கள்.

தம்பி செய்கின்ற வேலை என்ன? முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போது அவன் கரியின் மேல் சிறிது சிதைந்து, மெல்லிய ஒரு தோலாகப் படிந்துவிடுகின்றான். அந்தத் தோல் சத்திரத்து வாயிற்காப்போன் போன்றது. லித்தியத்தை மட்டும் உள்ளே விடும்; திரவத்தை வெளியே நிறுத்திவிடும். இந்த வாயிற்காப்போன் ஜாதி கேட்பதில்லை. ஆள் உள்ளே போகும் அளவா என்று மட்டுமே பார்க்கின்றான். அந்தத் தோல் நன்றாக இருக்கும் மட்டும் பாட்டரி நன்றாக இருக்கும். அது சூட்டினால் கரைந்தாலும், கிழிந்து கிழிந்து மறுபடி மறுபடி வளர்ந்தாலும் லித்தியமும் திரவமும் வீணாகிக்கொண்டே வரும். இரண்டு வருஷத்தில் உங்கள் போன் சீக்கிரம் சார்ஜ் இறங்குகின்றதே, அதற்கு முக்கிய காரணம் இந்தத் தோல் தடித்துப் போவது.

இப்போது அந்தப் பையன் கைக்கு வருகின்றேன். சூட்டினாலோ, அளவுக்கு மீறிய சார்ஜினாலோ, வயதானதாலோ திரவம் சிதையும்போது வாயு உண்டாகின்றது. கரியமில வாயு மாத்திரமல்ல; எரியக்கூடிய எதிலீன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் அதில் உண்டு. பாட்டரி உப்புவது அதனால்தான். தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் தோல் ஒன்று வைத்திருக்கின்றார்கள். கனம் தலைமயிரை விடக் குறைவு. அப்படிப்பட்ட தகடும் தோலும் பல சுற்றாகச் சுருட்டி வைத்திருக்கும் இடத்தில் ஊசியை விட்டால் என்ன ஆகும்? அந்த ஊசியே பாலமாகிவிடும். பிளஸ்ஸும் மைனஸும் பல இடத்தில் ஒன்றையொன்று தொடும். ஒரு நொடியில் சூடு. பக்கத்தில் எரிகின்ற வாயு. இதில் கண்ணேறு எங்கே? தெற்கு வாசல் எங்கே? சீனாச் சரக்கு என்பது கூடக் காரணமல்ல. அமெரிக்காவிலேயே செய்திருந்தாலும் ஊசியால் குத்தினால் எரியும். விட்டிங்ஹாமின் பாட்டரியில் தானாய் முளைத்த முள்ளை, நான் கையில் எடுத்துக் கொடுத்துக் குத்தச் சொன்னேன் என்பதுதான் உள்ளபடியான சங்கதி.

சரி, எரியாத தகடே கிடையாதா என்று கேட்பீர்கள். இங்கே நமது நாட்டுச் சங்கதி ஒன்று வருகின்றது. தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற ஒரு சிறு கிராமத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் என்பவர், மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்று, 1985-ல் ஆக்ஸ்போர்டுக்குக் குட்இனஃபிடம் வேலைக்குப் போனார். பின்பு இருவரும் அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலைக்குப் போனார்கள். இரும்பு மலிவானது, ஆனால் சாதாரண இரும்பு ஆக்ஸைடு 2.5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. அதே இரும்பை வெறும் ஆக்ஸிஜனோடு வைக்காமல் கந்தகமும் ஆக்ஸிஜனும் இறுகப் பிணைந்த சல்ஃபேட்டோடு வைத்தால் 3.6 வோல்ட் வரும் என்று இருவரும் 1980-களின் கடைசியில் காட்டினார்கள். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 1997-ல் குட்இனஃபும், பாதி, நஞ்சுண்டசுவாமி முதலிய நமது நாட்டாரும் இரும்பு பாஸ்பேட் தகட்டைக் கண்டார்கள். அதில் பாஸ்பரஸ் ஆக்ஸிஜனைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டிருக்கின்றது; சூடு ஏறினாலும் இலேசில் விடாது. லித்தியத்தை அநேகமாக முழுவதும் எடுத்தாலும் வீடு இடியாது. முதலில் மின்சாரம் சரியாய் ஓடவில்லை. துகளை மிகப் பொடியாக்கி, மேலே கரி பூசின பிறகு ஓடிற்று. 2024-ல் உலகத்து மின்சாரக் கார்களுக்குப் போன பாட்டரிச் சக்தியில் ஏறக்குறையப் பாதி இந்த இரும்புத் தகட்டினுடையது. எடைக்குச் சற்றுக் குறைந்த சக்திதான். ஆனால் பேய் உலோகம் இரண்டும் இதில் கிடையாது.

2019-ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அவ்வளவு வயதில் அதுவரை யாரும் அந்தப் பரிசு வாங்கியதில்லை. ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் சொற்பொழிவைச் செய்தவர் நமது மந்திரந்தான். பெயர் மந்திரம், பேசியது இரசாயனம். குட்இனஃப் 2023-ல் நூறாவது வயதில் காலமானார்.

வேடிக்கை போதும். கோபால்ட்டைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டியிருக்கின்றது. உலகத்தில் வெட்டி எடுக்கும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆப்பிரிக்காவில் காங்கோ தேசத்திலிருந்து வருகின்றது. பெரிய கம்பெனிகள் இயந்திரம் வைத்து வெட்டுகின்றன; அதைத் தவிர ஏழை ஜனங்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு கிணறு போல் தோண்டி, முட்டுக் கொடுக்காத குழிக்குள் இறங்கி எடுக்கின்றார்கள். 2016-ல் ஆம்னஸ்டி என்ற மனித உரிமைச் சங்கத்தார் அங்கே போய் விசாரித்து எழுதினார்கள். 7 வயதுக் குழந்தைகள் கூட அந்தக் கல்லைப் பொறுக்கிக் கழுவிச் சுமந்தார்கள் என்றும், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்து ஒன்று இரண்டு டாலர் கூலி வாங்கினார்கள் என்றும் அதில் கண்டிருந்தது. மூக்குக்குத் துணிகூடக் கிடையாது. அன்று ஜெர்மனிச் சுரங்கத்தில் கூலிக்காரன் நுரையீரல் அழுகிச் செத்ததற்குக் குட்டிச்சாத்தான் காரணமாயிற்று. இன்று காங்கோவில் குழந்தை சாவதற்கு யார் காரணம்? விலை குறையவேண்டும் என்று கேட்கிற கம்பெனியும், மலிவாகக் கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்காத நாமும். செல்போனைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. என் பையிலும் ஒன்று இருக்கின்றது. இரும்புத் தகடு வந்திருக்கும்போது, அது போதும் என்கிற வண்டிக்குக் கூட கோபால்ட் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டியதில்லை என்றுதான் சொல்லுகின்றேன். பாட்டரி வாங்கும்போது மைலேஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், உள்ளே தகடு எது என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வந்து சொல்லட்டும்.

சில தோழர்கள் சீட்டில் எழுதிக் கேள்விகள் கொடுத்திருக்கின்றார்கள். நேரமாகிவிட்டபடியால் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன்.

லித்தியம் தண்ணீரில் எரியுமே, அப்படியானால் பாட்டரித் தீயில் தண்ணீர் ஊற்றலாமா என்று ஒரு தோழர் கேட்கின்றார். நியாயமான கேள்வி. இந்தப் பாட்டரிக்குள் லித்தியம் உலோகத் தகடாக இல்லை. கரிக்குள்ளும் ஆக்ஸைடுக்குள்ளும் அடங்கி இருக்கின்றது. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எட்ட நின்று, தண்ணீரை நிறைய ஊற்றிச் சூட்டைத் தணிப்பதுதான் வழி. கொஞ்சம் ஊற்றிப் பிரயோஜனமில்லை. அணைந்தது போலிருந்து மறுபடியும் பற்றும். ஸ்கூட்டர் போன்ற பெரிய பாட்டரியானால் அணைக்கப் போகாதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டு 101-க்குப் போன் செய்யுங்கள். அந்தப் புகை சாதாரணப் புகையல்ல. திரவத்தில் கரைத்த உப்பில் ஃபுளோரின் உண்டு. எரியும்போது ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய விஷம் வரும். 2022-ல் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த வண்டி தீப்பிடித்துத் தகப்பனும் மகளும் இறந்தார்களே, நினைவிருக்கும். வண்டியை வாசலை அடைத்து நிறுத்திச் சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே படுத்துத் தூங்காதீர்கள்.

இரும்புத் தகடு உள்ளது எரியவே எரியாதா என்பது இன்னொரு சீட்டு. அப்படி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தகடு சாதுதான், ஊற்றியிருப்பது அதே தீப்பற்றும் திரவம். குத்தினாலும் நசுக்கினாலும் அதிலும் எரியும் வாயு வரும்.

கெட்டுப்போன பாட்டரியை என்ன செய்வது என்று ஓர் அம்மையார் கேட்டிருக்கின்றார். குப்பையில் போடக்கூடாது, லாரி நசுக்கினால் குப்பை மேடே எரியும். 2022-ல் இந்திய சர்க்கார் போட்ட பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரியைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்வது அதைச் செய்து விற்ற கம்பெனிகளின் கடமை. ஆகவே வாங்கின கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துக் கேளுங்கள். முடியாது என்றால் விதியைச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் இருக்கும் கோபால்ட்டையும் நிக்கலையும் செம்பையும் மறுபடி பிரித்தெடுக்க முடியும். அப்படிப் பிரித்தால் காங்கோவில் ஒரு குழி குறைவாக வெட்டலாம்.

கடைசிச் சீட்டில், அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கின்றான் என்று கேட்டிருக்கின்றது. கை ஆறிவிட்டது, இரண்டு விரலில் தழும்பு இருக்கின்றது. கடை திறந்துவிட்டான். உப்பின பாட்டரி வந்தால் அதைத் தொடாமல் இடுக்கியால் எடுத்து, கடைக்கு வெளியே ஒரு மண்பானையில் மணலுக்குள் புதைத்து வைத்து, சேர்ந்ததும் கம்பெனிக்கு அனுப்பிவிடுகின்றான். அந்தப் பானையின் மேல் சாக்குக் கட்டியால், 'மாமா தொடக்கூடாது' என்று எழுதி வைத்திருக்கின்றான்.